டெல்டா களிமண்ணில் ஃபயர் பிரிக் சுட முடியுமா? (அரிசி ஆலை பாய்லர் அடுப்புக்கு)

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் செங்கல் சேம்பர் (செங்கல் சூளை) நடத்துகிறோம். குளம் தூர்வாரும்போது கிடைக்கும் களிமண்ணோடு சவுடு கலந்து அறுக்கிறோம். 950 டிகிரியில் கல் நன்றாக வேகிறது, தட்டினால் கணீரென்று ஓசை வருகிறது.

இங்கே அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள். உமிக்குத் தட்டுப்பாடு வந்தால் சீமைக்கருவேலங்கட்டை. அடுப்புக்குள் கட்டுகிற ஃபயர் பிரிக் (நெருப்பு தாங்கும் கல்) எல்லாம் வெளியூர்ச் சரக்கு. அதை இங்கேயே சுட்டுக் கொடுக்கலாம் என்பது யோசனை. நம் களிமண்ணில் சின்னப் பலகைகள் செய்து கேஸ் ஃபர்னஸில் 1200 டிகிரிவரை ஏற்றிப் பார்த்தோம். மேலே கறுத்துப் பளபளப்பாகி, பன் ரொட்டி போல உப்பி, அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டது. உடைத்தால் உள்ளே முழுக்க ஓட்டை.

சூட்டை வேகமாக ஏற்றியதுதான் தப்பா, மண்ணே இதற்கு ஆகாதா? மணலோ அலுமினாப் பொடியோ சேர்த்தால் சரியாகுமா? இறங்கிச் செய்தவர்கள் சொல்லுங்கள்.

முல்லைட்:

வேகமாக ஏற்றியதால் உப்பல் கூடியிருக்கும். மெதுவாக ஏற்றினால் உப்பல் குறையும், ஆனால் உருகல் நிற்காது. காரணம் மண்ணில் இருக்கிறது.

ஃபயர் பிரிக்குக்கு வேண்டிய களிமண் தாது கயோலினைட். சுத்தமான கயோலினைட்டில் எடைக்கணக்கில் 39.5 சதவீதம் அலுமினா, 46.5 சதவீதம் சிலிக்கா, 14 சதவீதம் தண்ணீர். இந்தத் தண்ணீர் வெயிலில் காயும் ஈரம் அல்ல, படிகத்துக்குள்ளேயே கட்டுண்டது. 450 முதல் 600 டிகிரிக்குள்தான் விட்டு வெளியேறும். அதாவது உலர்ந்த மண் 1 டன் சுட்டால் 140 கிலோ நீராவியாகப் போய்விடும். மிஞ்சுவது மெட்டாகயோலின். அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலும் அது பழைய களிமண்ணாகத் திரும்பாது.

சூட்டை மேலும் ஏற்றினால் 980 டிகிரி வாக்கில் உள்ளமைப்பு சட்டென்று மாறி வெப்பத்தை வெளிவிடும். அங்கேதான் முல்லைட் என்ற அலுமினா-சிலிக்கா தாதுவின் முதல் துகள்கள் தோன்றுகின்றன. 1100 தாண்டினால் அவை ஊசி ஊசியாக வளரும், 1300 வாக்கில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நெருப்பிலும் பாரம் தாங்குவது இந்த ஊசிப் பின்னல்தான். சுத்தமான கயோலினைட் முழுதாக மாறினால் 64 பங்கு முல்லைட், 36 பங்கு மிச்ச சிலிக்கா. அந்த மிச்சத்தின் போக்கை வைத்துத்தான் கல்லின் ஆயுள். ஒரு பகுதி பொட்டாஷ், சோடாவோடு சேர்ந்து கண்ணாடியாகும். ஒரு பகுதி 1200க்கு மேல் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகமாகும்.

உங்கள் மண்ணுக்கு வருவோம். டெல்டாவின் கனத்த களிமண், மண் ஆய்வாளர்கள் களத்தூர் வகை என்று சொல்வது, ஸ்மெக்டைட் தாது மிகுந்தது. கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதும், முதல் தண்ணீருக்கே வெடிப்பு மூடிக்கொள்வதும் அதனால்தான். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரோடு கால்சியமும் சோடியமும் மெக்னீசியமும் உட்கார்ந்திருக்கின்றன. கூடவே நிறைய இரும்பு, கொஞ்சம் மைக்கா. இவை அத்தனையும் உருக்கிகள், அதாவது மண்ணைக் குறைந்த சூட்டிலேயே உருகவைப்பவை. அலுமினா, சிலிக்கா இரண்டு மட்டும் இருந்தால் முதல் உருகல் 1590 டிகிரி வாக்கில். அதில் பொட்டாஷ் நுழைந்தால் 985 டிகிரியிலேயே திரவம் தோன்றலாம். காற்று குறைந்த சுடரில் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு ஆக்ஸிஜனை இழந்து ஃபெரஸ் ஆக்ஸைடாகும். அது சிலிக்கா, அலுமினாவோடு சேர்ந்து 1100க்குக் கீழேயே உருகத் தொடங்கும்.

உங்கள் பலகை உப்பியதும் இதே கணக்குத்தான். மேல்தோல் முதலில் உருகி அடைத்துக்கொண்டது. உள்ளே எரியாமல் நின்ற கரி இரும்பு ஆக்ஸைடோடு வினைபுரிந்து வாயு விட்டது. போக வழியில்லாமல் அது குமிழியாக நின்றுவிட்டது. இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி, சுழலும் உலையில் சுமார் 1150 டிகிரியில் உப்ப வைத்து எடைகுறைந்த ஜல்லி செய்கிறார்கள். மண் மோசமில்லை, வேலைதான் வேறு.

மணல் சேர்த்தால் காய்ச்சல் சுருக்கம் குறையும், உருகல் குறையாது. அலுமினாவுக்குக் கணக்குப் பாருங்கள். மண்ணில் இரும்பு, சுண்ணாம்பு, மெக்னீசியா, பொட்டாஷ், சோடா எல்லாம் சேர்ந்து 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சரிபாதி அலுமினா கலந்த பிறகும் 7.5 நிற்கும். ஃபயர் பிரிக்கில் இந்தக் கூட்டுத்தொகை 4, மிஞ்சினால் 5. இரும்பு மட்டும் 2 முதல் 2.5க்குள். அலுமினாவைக் கொட்டிக் காசைக் கரைக்க வேண்டாம்.

எந்த மண் என்று ஆய்வகத்துக்கு அனுப்புமுன் கையிலேயே பார்க்கலாம். நன்றாக உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் ஒரு 100 மில்லி அளவுக் குழாயில், இன்னொரு 10 கிராம் இன்னொரு குழாயில். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் 100 வரை நிரப்பி, குமிழி போகக் கலக்கி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் படிந்த உயரம் அதைவிட இரு மடங்கு என்றால் ஸ்மெக்டைட் என்று முடிவு கட்டலாம். கயோலின் மண்ணில் இரண்டும் ஏறக்குறைய சமம், சில சமயம் தண்ணீரில் குறைவாகவே இருக்கும்.

காளவாய்:

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம், தம்பி. கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்) பொடி வரும். கடலோரம், வேதாரண்யம் நாகைப் பக்கம் போனால் உப்பு.

சுக்கான்கல் 900 டிகிரிக்குள் நீறிச் சுட்ட சுண்ணாம்பாகும். கல் இறக்கி வைத்ததும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பருத்து, முகத்தைத் தெறித்துவிடும். வெள்ளைப் புள்ளியோடு பெயர்ந்த குழி இருந்தால் இதுதான். கைப்பிடி மண்ணைத் தண்ணீரில் கரைத்து 1 மி.மீ. சல்லடையில் கழுவுங்கள். மேலே நிற்கிற உருண்டை மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுவிட்டால் பொங்கும். பொங்கினால் மண்ணை ரோலரில் அரைத்து அரை மி.மீ.க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அவ்வளவு நுண்மையானால் தெறிக்காது. அரைக்க வசதியில்லாதவர்கள் கல்லைச் சூளையிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் முழுக முக்கி எடுக்கிறார்கள். சுண்ணாம்பு அப்போதே நீர்த்துத் துளைகளுக்குள் இளகிப் போய்விடும். அரைகுறையாகத் தெளித்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உப்பு மண்ணில் கல் காயும்போதே ஓரத்தில் வெள்ளை பூக்கும். சுட்டால் அந்த ஓரம் முதலில் இளகும். செங்கல்லுக்கே அந்த மண் வேண்டாம் என்பேன்.

மண் எடுக்கும் அனுமதியை மாவட்டக் கனிமவளத் துறையில் முதலில் முடித்துக்கொள்ளுங்கள். குளத்து மண் விவசாயத்துக்கு என்று எடுத்துச் சூளைக்குத் திருப்பினால் வண்டியே மாட்டும்.

வெண்ணாற்றங்கரை:

நன்றி சார், அண்ணே. குழாய்ச் சோதனை செய்துவிட்டேன், தண்ணீரில் இரு மடங்கைத் தாண்டிவிட்டது. சரி, நெய்வேலிச் சுரங்கத்தில் வரும் வெள்ளைக் களிமண்ணை விருத்தாசலம் வழியாக வாங்கலாம் என்கிறார்கள். அதை வைத்துச் செய்வதானால் கலவை என்ன, எப்படிச் சுடுவது? நம் சேம்பரிலேயே மூலையில் அடுக்கிச் சுட முடியுமா?

முல்லைட்:

சேம்பரில் முடியாது. அது 950 முதல் 1050க்கான கட்டுமானம். 1300 ஏற்றினால் உள்ளே அடுக்கிய கல்லுக்கு முன் சேம்பரின் செங்கல் சுவரே இளகும். சுடர் மேலே ஏறிக் கீழிறங்கும் டவுன் டிராஃப்ட் சூளை வேண்டும், அதன் உட்சுவரே ஃபயர் பிரிக்கில் இருக்க வேண்டும். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் பீங்கான் பட்டறைகளும், பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தரும் அரசுப் பயிலகமும் உண்டு. மண்ணைப் பரிசோதிக்கவும் முதல் சூடு பார்க்கவும் அங்கே விசாரியுங்கள். முதல் சுமைக்கே சொந்தச் சூளை கட்டாதீர்கள்.

வாங்கும் மண்ணுக்கு ஆய்வறிக்கை கேளுங்கள். உலர்ந்த எடையில் அலுமினா 30க்கு மேல், இரும்பு 2க்குக் கீழ், சூட்டில் எடை இழப்பு 11 முதல் 14 சதவீதம். எடை இழப்பு 8, 9 என்றால் மணல் அதிகம். நிறம் வெள்ளை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், சில மண் சுடுமுன் வெளுப்பாக இருந்து சுட்டபின் பழுக்கும்.

பச்சைக் களிமண்ணை மட்டும் வைத்து ஃபயர் பிரிக் அறுத்தால் சுருங்கி வெடிக்கும். கலவையில் பாதிக்கு மேல் முன்பே சுட்ட மண்ணின் நொறுக்கு இருக்க வேண்டும், பட்டறைகளில் க்ராக் என்பார்கள். அதே வெள்ளை மண்ணைக் கட்டியாக்கி 1350 டிகிரியில் சுட்டு உடைத்தால் க்ராக். இதை 1100லேயே நிறுத்திச் சிக்கனம் பிடிப்பவர்கள் உண்டு. அந்தக் கல் பாய்லரில் போனபின் மிச்சச் சுருக்கத்தை அங்கே முடிக்கும், மூட்டுகள் திறந்து நெருப்பு பின்சுவருக்குப் போய்விடும். சிக்கனம் வேண்டுமானால் வேறு எங்காவது பிடியுங்கள், க்ராக்கில் வேண்டாம்.

கலவை எடையில் இப்படித் தொடங்கலாம்: க்ராக் 58, பச்சைக் களிமண் 42. க்ராக்கைச் சலித்து 3 முதல் 1 மி.மீ. வரை பாதி, 1 முதல் 0.2 வரை கால், அதற்குக் கீழே கால். பெரும் துகளே நிறைந்தால் கல் சல்லடையாகும், எல்லாம் பொடியானால் சூடு ஏறி இறங்கும்போது வெடிக்கும். கையால் அச்சில் அடிப்பதற்கு 16 முதல் 18 சதவீதம் தண்ணீர், பிரஸ்ஸில் அழுத்த 6 முதல் 8 போதும். கலந்ததைச் சாக்கு போர்த்தி இரண்டு நாள் ஊறவிட்டால் ஈரம் சமமாகப் பரவும்.

சுட்டபின் 230, 115, 75 மி.மீ. அளவு வேண்டும். மொத்தச் சுருக்கம் 5 சதவீதம் என்றால் அச்சு 242, 121, 79. உங்கள் மண்ணின் சுருக்கத்தை முதலில் பலகையில் 100 மி.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்துவிட்டு அச்சு அடியுங்கள்.

காய்ச்சல் நிழலில். ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை சூளைக்குள் போகக் கூடாது. பிறகு ஏற்றம் இப்படி:

120 டிகிரிவரை மணிக்கு 15 டிகிரி, அங்கே 8 மணி நேரம் நிறுத்தம். 450 வரை மணிக்கு 30. 450 முதல் 650 வரை மணிக்கு 20க்கு மேல் வேண்டாம், படிக நீர் வெளியேறும் கட்டம் இது. நடுவே 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று பருக்கும். 650 தாண்டினால் மணிக்கு 40 போகலாம். 850க்கும் 900க்கும் இடையில் காற்றைத் தாராளமாக விட்டு 4 மணி நேரம் நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் கரி எரிந்து போகட்டும். இதைத் தவிர்த்தால் கல்லை உடைக்கும்போது நடுவில் கறுப்பு வயிறு தெரியும். பிறகு 1300 வரை மணிக்கு 50, மேலே 6 மணி நேரம் நிறுத்தம். மொத்தம் இரண்டரை நாள்.

ஆறவைப்பதில்தான் அவசரத்தால் அதிகம் போகிறது. 1300லிருந்து 900 வரை சூளையை மூடி அதுவாக இறங்க விடலாம். 650 முதல் 500 வரை மணிக்கு 20, மறுபடி அந்த 573க்காக. 300 முதல் 180 வரை மணிக்கு 15 முதல் 20. இந்த இடத்தை யாரும் கவனிப்பதில்லை. கிறிஸ்டோபலைட் 270க்கும் 220க்கும் இடையில் திடீரென்று சுருங்கும், கொள்ளளவில் 3 சதவீதத்துக்கும் மேல். சூடு இறங்கிவிட்டதே என்று கதவைத் திறந்தால், கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்போடு கல் வெளியே வரும். நல்ல கல்லும் தட்டினால் மொத்தையாகச் சத்தம் கொடுத்தால் சந்தேகம் இந்த இடத்தில்தான்.

சூடு அளக்க கே வகை தெர்மோகப்பிள் 1200 வரைக்குத்தான். அதற்குமேல் பிளாட்டினம் வைத்த ஆர் அல்லது எஸ் வகை. கூடவே சூளையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் ஆர்ட்டன் 10ஆம் எண் கோன் (குறிப்பிட்ட வேக்காட்டில் வளையும் சிறு பீங்கான் கூம்பு) வையுங்கள். மீட்டர் ஒரு புள்ளியின் சூட்டை மட்டும் காட்டும், கல் எவ்வளவு வெந்தது என்பதைக் கோன்தான் சொல்லும்.

சரக்கு கொடுக்குமுன் ஒரு கல்லை மறுபடி 1300க்கு ஏற்றி 5 மணி நேரம் வைத்து நீளம் அளந்து பாருங்கள். 1 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் க்ராக்கோ கல்லோ சரியாக வேகவில்லை.

உமி_அடுப்பு:

முல்லைட் சொன்னது கல் செய்வதற்குச் சரி. ஆனால் எந்தக் கல் செய்வது என்பதை அடுப்பு முடிவு செய்யட்டும். உமி அடுப்பின் சுவரில் 900 முதல் 1100 டிகிரிதான் வரும். அந்தச் சூட்டுக்கு 30 சதவீத அலுமினாக் கல் உருகாது. உமி அடுப்பில் கல்லைத் தின்பது சூட்டைவிடப் பொட்டாஷ்தான்.

உமிச் சாம்பலில் 90 சதவீதம் வாக்கில் சிலிக்கா, பொட்டாஷ் சில சதவீதம்தான். கருவேலங்கட்டைச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் நிறைந்திருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடும்போது சுவரில் கண்ணாடி போன்ற பூச்சு வழிகிறது. ஆலைக்காரர்கள் உடனே அலுமினா கூடிய கல் கேட்பார்கள். அது இந்த இடத்துக்குப் பெரும்பாலும் எதிராகவே வேலை செய்கிறது. பொட்டாஷ் ஆவி துளைகள் வழியே புகுந்து முல்லைட்டோடும் அலுமினாவோடும் சேர்ந்து புதிய தாதுக்களாகப் பருத்து, கல்லின் முகத்தைப் பொறுக்குப் பொறுக்காகப் பெயர்க்கும். சிலிக்கா சற்றுக் கூடிய, அலுமினா 28 முதல் 35 வரையுள்ள, நன்றாக இறுகிய கல்லில் அதே பொட்டாஷ் முகத்தில் கெட்டியான கண்ணாடித் தோலாகி, மேற்கொண்டு உள்ளே புகாமல் அடைத்துவிடும். சிமென்ட் ஆலைகளின் முன்சூடேற்றிக் கோபுரங்களில் இதே காரணத்துக்காகத்தான் அலுமினா குறைந்த கல் கட்டுகிறார்கள்.

ஆகவே உங்கள் இலக்கு அலுமினாவைக் கூட்டுவதல்ல, துளையைக் குறைப்பது. திறந்த துளை 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கையால் அடித்த கல்லில் அது கடினம், பிரஸ் தேவைப்படும். இரும்புப் புள்ளியையும் கவனியுங்கள். காற்று போதாமல் உமி புகைந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். கல்லின் உட்பகுதியில் 400 முதல் 600 டிகிரி இருக்கும் இடத்தில் இரும்புத் துகளின் மேல் அது கரியாகப் படிந்து, உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும். க்ராக் நொறுக்கியபின் காந்தம் காட்டி இரும்புத் தூளை எடுப்பது இதற்காகத்தான். நொறுக்கும் இயந்திரத்தின் தேய்மானமே அதில் நிறைய இருக்கும்.

உங்கள் சேம்பருக்கும் டெல்டா களிமண்ணுக்கும் இதே அடுப்பில் நல்ல வேலை இருக்கிறது. நெருப்பைப் பார்க்கும் 230 மி.மீ. ஃபயர் பிரிக்குக்குப் பின்னால் 115 மி.மீ. இலகுக் கல் (உமி கலந்து சுட்ட எடைகுறைந்த கல்) ஒரு வரிசை. உள்முகம் 1000 டிகிரி என்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் 700 முதல் 750 வரைதான் வரும். 950ல் வெந்த உங்கள் மண் அதைத் தாராளமாகத் தாங்கும். பெரும்பாலான ஆலைகளில் இந்த வரிசையே இல்லாமல் வெறும் செங்கல் வைத்து, வெளிச்சுவரில் கை வைக்க முடியாத சூட்டை வீணாக்குகிறார்கள். பார்க்கவே மனம் பொறுப்பதில்லை.

இலகுக் கல்லுக்குக் களிமண் 1 படிக்கு உமி 1 படி, கொள்ளளவில். முழு உமி போட்டால் படுக்கை படுக்கையாக விரிசல் விடும், 1 மி.மீ.க்குக் கீழே அரைத்துச் சேருங்கள். சுடும்போது 300 முதல் 500 டிகிரிக்குள் உமி தானே பற்றிக்கொள்ளும். அந்த நேரம் உங்கள் எரிபொருளை நிறுத்திக் காற்றை மட்டும் விட வேண்டும். எரிபொருளை அப்போதும் தள்ளிக்கொண்டிருந்தால் கல்லின் நடுப்பகுதி 1100ஐத் தொட்டு, உங்கள் பலகை மாதிரியே உப்பிவிடும். கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். உமிச் சாம்பலின் சிலிக்கா கல்லிலேயே தங்கும், அதனால் சுருக்கமும் குறையும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அறுத்து முடியுங்கள். உமி கலந்த பச்சைக் கல் ஈரக்காற்றில் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

வெண்ணாற்றங்கரை:

அப்படியானால் முதலில் இலகுக் கல், அதற்கு ஆலை கிடைத்தபின் விருத்தாசலத்தில் ஃபயர் பிரிக் சூடு பார்ப்பது என்று போகிறோம். கட்டும்போது சாந்து என்ன? இங்கே கொத்தனார்கள் சிமென்ட்டும் மணலும்தான் கேட்கிறார்கள்.

முல்லைட்:

உமி_அடுப்பு சொன்ன அலுமினா வரம்பை அப்படியே ஏற்கிறேன். உமிக்கும் கட்டைக்கும் அதுதான் பொருத்தம்.

சிமென்ட் சாந்து நெருப்பு முகத்தில் கூடவே கூடாது. இறுகிய சிமென்ட் 400, 500 டிகிரியிலேயே நீரை இழந்து பொடியாகும். மிஞ்சும் சுண்ணாம்பு கல்லோடு சேர்ந்து உருக்கியாகும். கல் செய்த அதே வெள்ளைக் களிமண் 30, அரை மி.மீ.க்குக் கீழே அரைத்த க்ராக் 70. இட்லி மாவைவிடத் தளர்வாகக் கரைத்து, கல்லை அதில் முக்கி எடுத்து உடனே தட்டி வையுங்கள். மூட்டு 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கொத்தனார் கரண்டியில் அள்ளிப் பூசினாலே மூட்டு தடித்துவிடும், முதலில் உருகி வழிவதும் அதுதான். பின்வரிசை இலகுக் கல்லுக்கு டெல்டா களிமண்ணும் செங்கல் தூளும் சரிபாதி போதும்.

சுவர் நீளத்தில் விரிவிடம் விடுங்கள். இந்தக் கல் 1000 டிகிரியில் மீட்டருக்கு 5 முதல் 6 மி.மீ. நீளும். 3 மீட்டர் சுவருக்கு 15 முதல் 18 மி.மீ. இடைவெளி, அதில் செராமிக் ஃபைபர் திணித்து மூடுங்கள். விடாவிட்டால் மூலைகள் தள்ளிக்கொண்டு வளைவு தூக்கும்.

கட்டி முடித்ததும் உமியைக் கொட்டிப் பற்றவைக்க வேண்டாம். இரண்டு நாள் கதவைத் திறந்து உலரவிட்டு, சிறு விறகுத் தீயில் 120 டிகிரியில் ஒரு முழு நாள். பிறகு மணிக்கு 25 டிகிரியாக 600 வரை, அங்கே 6 மணி நேரம். அதற்குமேல் மணிக்கு 40. பாய்லர் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று இந்த மூன்று நான்கு நாளும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.